மணல் வாளியும் கணபதி ஹோமமும்

போன வாரம் கோவில்பட்டியில் என் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று கட்டிய பட்டுப்புடவை இன்னமும் கொடியில்தான் கிடக்கிறது. புகை வாசம் போவேனா என்கிறது!

அக்காவுக்கு ரொம்ப நாளாக வீசிங். தூசி, புகை ரெண்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) அவளுக்காகவே பசுவந்தனை ரோட்டில் புது வீடு கட்டினார். கரிசல் மண் ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் வைத்த கண்ணாடி. ஹாலில் ஏர் ப்யூரிஃபையர். காற்று நன்றாக இருந்தால் நீல விளக்கு, கெட்டுப்போனால் சிவப்பு.

இவ்வளவும் செய்த மனுஷர் முதல் வேலையாக என்ன செய்தார்? அதே ஹாலில் ஹோமம் வளர்த்தார்!

ஆவணிக் காற்றில் நெருப்பு நிற்கவில்லை. ஐயர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "புகை மூலை முடுக்கெல்லாம் போவணும்லா, அப்பத்தான் கண்ணேறு கழியும்" என்று அத்தான் கதவையும் சேர்த்துச் சாத்தினார்.

வரட்டி, சமித்து, நெய்... கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியவில்லை. ப்யூரிஃபையர் சிவந்துபோய் 'ஹோ'வென்று இரைந்தது. எங்கள் சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, மிஷினுக்கே அருள் வந்துட்டு!"

மணையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கண்ணில் தாரை தாரையாக நீர். "பாரு, புது வீடு கண்ட சந்தோசத்த" என்றாள் சித்தி. சந்தோஷமாவது... அவளுக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது! பூர்ணாகுதி முடியாமல் எழுந்திருக்கக் கூடாதாம். கொஞ்சம் பொறு என்று அத்தான் ஜாடை காட்டினார்.

அக்கா பொறுக்கவில்லை. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரே கத்தல் — "புகை! கதவத் தொறங்க! எல்லாரும் வெளிய!"

ஆபீஸில் தீப்பிடித்தால் கொடுக்கிற அதே குரல். கல்யாணமான நாளிலிருந்து அங்கே மேற்பார்வை பார்ப்பவள் ஆயிற்றே! வந்திருந்த கூட்டமும் முக்கால்வாசி ஆபீஸ் ஆட்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் படபடவென்று திறந்தன. செருப்பைக்கூடத் தேடாமல் ஐயரைத் தவிர அத்தனை பேரும் தெருவில். ஃபோர்மேன் அண்ணாச்சி மட்டும் உள்ளே ஓடினார் — பழக்கதோஷத்தில் அத்தான் புது வீட்டு வாசலிலும் தீயணைக்க மாட்டி வைத்திருந்த மணல் வாளியோடு!

"அண்ணாச்சி, ஹோமத்துல மண்ணப் போட்டுடாதீங்கோ!" என்று ஐயர் குண்டத்துக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

வாசற்படியில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிய அக்கா அத்தானை நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீஸ்ல இம்புட்டு புகை வந்தா கதவச் சாத்திக்கிட்டா இருப்பீக? அங்க வேல பாக்குத பிள்ளைகளுக்கு உள்ள மூச்சு எனக்கு இல்லியா?"

அத்தான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பாவமாகத்தான் இருந்தது. மீதி ஹோமம் ஜன்னலைத் திறந்தபடி, அக்கா வாசலிலேயே உட்கார்ந்தபடி நடந்தது. புதுத் தரையெல்லாம் கரிசல் தூசி. "தொடச்சிக்கிடலாம், நீ நல்லா மூச்ச விடு" என்றார் அத்தான்.

சாமி கோபித்துக்கொண்டிருக்குமா என்ன? அந்த மூச்சும் சாமி கொடுத்ததுதானே...

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த மணல் வாளி இப்போது வாசலில் இல்லை. பூஜையறைக் கதவோரம் மாட்டி வைத்திருக்கிறாள் அக்கா!