புதினாவுக்குத் தடை

ஃபெம்மி ஓஸ்தர்ஹாஃப் யாரையாவது பாராட்டிப் பேசினாள் என்று சாட்சி சொல்ல டெல்ஃப்சைல் ஊரில் ஆள் கிடைக்காது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். வந்து உட்காரும் கிழவிகளிடம், "இந்தத் தலையை இத்தனை நாளா எப்படிச் சுமந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பை எடுப்பாள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அவள் போட்டுவிடும் சுருள் கடற்காற்றில் மாதக்கணக்கில் கலையாது. திட்டு வாங்கினாலும் தலை நன்றாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப வந்தார்கள்.

சிறுவயதில் பிடிக்க ஆரம்பித்த சிகரெட்டை, மாடிப்படியில் பாதி ஏறி மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்ட ஒரு நாளில் விட்டாள். கையில் நிகோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்தாள், நிகோட்டின் சூயிங்கம் மென்று பார்த்தாள். இரண்டும் அவளுடைய கோபத்தைக் கூட்டினவே தவிர ஆசையைக் குறைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது வேப் என்கிற மின்சிகரெட்தான், அதுவும் புதினா வாசனை உள்ளது மட்டும். புகையிலைச் சுவையில் ஒன்று வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "ரைன்ட்டோட பழைய கார் மாதிரி நாறுது" என்று சன்னல் வழியாக வீசினாள்.

ரைன்ட் அவளுடைய முன்னாள் கணவன். அவள் தன் அம்மாவின் அடக்கத்துக்குப் போயிருந்த வாரத்தில், இருவருக்கும் சொந்தமான, விடுமுறைக்கு இழுத்துப் போகும் கேரவன் வண்டியை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்று, அந்தப் பணத்தில் கடை பிடித்தவன். திரும்பி வந்தவள் அவனுடைய துணிமணிகளை மூட்டை கட்டிக் கால்வாயில் எறிந்தாள். அதோடு பதினோரு வருடக் குடித்தனம் முடிந்தது. அவன் பிடித்தது வேப் கடை, ஊரில் அது ஒன்றுதான். அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று ஃபெம்மி மழையோ பனியோ சைக்கிளை மிதித்துப் பக்கத்து ஊரான ஆப்பிங்கடாமுக்குப் போய்த்தான் தன் புதினாவை வாங்குவாள்.

அப்படியிருக்கையில்தான் தடைச் செய்தி வந்தது. புத்தாண்டிலிருந்து புகையிலைச் சுவையைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது என்று அரசாங்கம் இருக்கும் ஹேக் நகரில் முடிவெடுத்துவிட்டார்கள். இனிப்புச் சுவைக்குப் பிள்ளைகள் மயங்குகிறார்கள் என்பது காரணம். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற போல்ஹாவ்ஸ் அம்மாள், சுருள் குச்சிகள் தலையெல்லாம் தொங்க, அதை ஆதரித்துப் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குள்ள போனா மிட்டாய்க் கடைக்குள்ள போன மாதிரி இருக்காம், ஃபெம்மி. சின்னச் சின்னப் பிள்ளைங்க. தடை போட்டது ரொம்பச் சரி."

"அப்போ கழிவறையைப் பூட்டுங்க. என் வாயை எதுக்குப் பூட்டறீங்க?"

"உன் வாயைப் பூட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாதும்மா."

ஃபெம்மி ஒரு குச்சியைக் கொஞ்சம் இறுக்கமாகவே முறுக்கினாள். போல்ஹாவ்ஸ் அம்மாள் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

இலையுதிர் காலத்தில் ஆப்பிங்கடாம் கடைக்காரர் சரக்கைத் தீர்த்துவிட்டு ஷட்டரை இழுத்தார். வேறு வழியில்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபெம்மி ரைன்ட்டின் கடைக் கதவைத் தள்ளினாள்.

அவன் கல்லாவுக்குப் பின்னால் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். "வழி தெரிஞ்சு வந்தியா, இல்ல தவறி வந்துட்டியா?"

"புதினா. இருக்கிறதை எல்லாம் எடு."

"எல்லாத்தையும் உனக்கே குடுக்க நீ என்ன மகாராணியா? ஆளுக்கு இவ்வளவுதான்னு வெச்சிருக்கேன்."

"தேவையில்ல. நானே கலந்துக்குவேன்." கேக் செய்பவர்கள் வாங்கும் புதினா எண்ணெய்க் குப்பி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

ரைன்ட் அதை வாங்கி மேலே ஒட்டியிருந்ததைப் படித்தான். படித்த கையோடு குப்பைத் தொட்டியில் போட்டான். "எண்ணெயை இழுத்தா நுரையீரல் ஊறுகாய் ஆயிடும். சாகணும்னா வீட்டுல போய்ச் சாவு. என் கடைச் சரக்குன்னு பேர் வரும்."

"யோவ், அது என் காசு."

"உயிரும் உன்னுதுதான். இந்தா, இது எண்ணெய் இல்ல, திரவத்துல கரையற வாசனை. இதைக் கல." வேறொரு குப்பியைக் கல்லாவில் வைத்தான். "ஆனா எவ்வளவு சேர்த்து வெச்சாலும் பிரயோஜனமில்ல. நீ பயன்படுத்தற வேப்ல திரவத்தைச் சூடாக்கற தலை இருக்கே, அது ரெண்டு வாரத்துல கருகிடும். நாளைக்கு அதையும் நிறுத்திட்டாங்கன்னா, திரவத்தை வெச்சுத் தலைமுழுகுவியா?"

அவன் காட்டியது வேறு மாதிரியான அடாமைசர், திரவத்தை ஆவியாக்கும் பகுதி. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்னத் திருகுகள் மட்டும். கம்பியை நாமே 'காயில்' என்கிற குட்டிச் சுருளாகச் சுருட்டிக் கட்டி, அதற்குள் பஞ்சைச் செருகிக்கொள்ள வேண்டும். கம்பியும் பஞ்சும் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், எந்தச் சட்டமும் அதைத் தொடாது. வியாழக்கிழமை சாயங்காலங்களில் பின்னறையில் சொல்லித் தருவதாகச் சொன்னான். "கூச்சமா இருந்தா வராதே" என்றும் சேர்த்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் போனாள்.

பின்னறையில் நீண்ட மேசையைச் சுற்றித் துறைமுக ஆட்கள் ஏழெட்டுப் பேர். இழுவைப் படகில் வேலை பார்க்கும் தம்மோ, கிரேன் ஓட்டுகிறவர்கள், இரண்டு ஓய்வூதியக்காரர்கள். ஃபெம்மி ஒருத்திதான் பெண். ரைன்ட் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "அதைப் பிடி, இதைத் திருகு, அங்கே வெட்டு" என்று நுனியால் காட்டிக்கொண்டே இருந்தான்.

ஃபெம்மி கட்டிய முதல் காயில் சூடேறியபோது ஒரு ஓரத்தில் மட்டும் பழுத்து மின்னியது. பஞ்சையும் அடைத்துத் திணித்திருந்தாள். இழுத்ததும் கருகிய துணியை விழுங்கினது போல இருமினாள். கண்ணில் நீர் வழிந்தது.

"பாருங்கப்பா," என்றான் ரைன்ட். "சமையல் எப்படியோ அப்படித்தான் இதுவும். பதினோரு வருஷம் நான் சாப்பிட்டேன், இன்னிக்கு அவளே சாப்பிடறா."

எல்லோரும் சிரித்தார்கள். தம்மோ மட்டும் குனிந்து, "நடுவுலேர்ந்து பழுக்கணும்க்கா. கம்பி சூடா இருக்கறப்பவே இடுக்கியால மெதுவா நெருக்கிவிடுங்க" என்றான்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் அவள். ஆனால் நெருக்கிவிட்டாள். வெளிச்சம் நடுவில் பிறந்து இரு பக்கமும் பரவியது.

அதற்குப் பிறகு கடையில் ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில் கம்பி சுருட்டிக்கொண்டேயிருந்தாள். முப்பது வருடமாக ஈர முடியை மெல்லிய குச்சிகளில் பிசிறில்லாமல் சுற்றிய விரல்கள் அவை. கம்பி சீக்கிரமே வசப்பட்டது. பஞ்சுதான் வசப்படவில்லை. இறுக்கினால் கருகியது, தளர்த்தினால் வாய்க்குள் திரவம் ஒழுகியது. ஒரு நாள் வெறுத்துப்போய், சுருள் மருந்து கண்ணில் வழியாமலிருக்க நெற்றியைச் சுற்றி வைக்கிற பஞ்சுக் கயிற்றிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் செருகினாள். அது பருத்தியே அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கிற இழை. திரவத்தைக் குடித்துக் குடித்துக் கொடுத்தது. புதினாவின் குளிர்ச்சி தொண்டைவரை சுத்தமாக இறங்கியது. அவளுடைய கடையில் அந்தக் கயிறு பெட்டி பெட்டியாகக் கிடந்தது.

அடுத்த வியாழக்கிழமை பெருமையை அடக்க முடியாமல் அதைக் கொண்டுபோனாள். ரைன்ட் ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொன்றும் இழுத்தான். "மோசமில்ல" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

டிசம்பர் பிறந்து, கடைகளில் கிறிஸ்துமஸ் விளக்குகள் தொங்கத் தொடங்கிய வாரத்தில் அவனுடைய கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் தெரிந்தன. 'ரைன்ட்டின் தனிப் பஞ்சு, சொந்தக் கண்டுபிடிப்பு' என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. ஃபெம்மி சாலையில் நின்று அதைப் படித்தாள். தலைக்குச் சாயம் தடவிய ஒருத்தியைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். அதையும் மறந்து உள்ளே போனாள்.

கடை நிரம்பி வழிந்தது. தடைக்கு முன் வாரிக்கொண்டு போக ஊரே வந்திருந்தது. வியாழக்கிழமை ஆட்களும் நின்றார்கள்.

"திருட்டுப் பயலே," என்றாள் ஃபெம்மி, சத்தம் போடாமல். "முதல்ல கேரவன், இப்போ பஞ்சு."

"முடி வெட்டற கடைக்குப் போடற பஞ்சு ஊருக்கே பொது. நீ என்ன காப்புரிமையா வாங்கி வெச்சிருக்கே?"

"சொந்தக் கண்டுபிடிப்புன்னு போட்டிருக்கியே. சரி, எல்லார் முன்னாடியும் ஒண்ணு கட்டிக் காட்டு. நீயே உன் கையால."

"உனக்குக் காட்ட எனக்கு என்ன தலையெழுத்து?"

"காட்டு, ரைன்ட்" என்றான் தம்மோ விளையாட்டாக. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கம்பியையும் இடுக்கியையும் கல்லாவில் நகர்த்தி வைத்தார்கள்.

ரைன்ட் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தான். இடுக்கியைப் பிடித்தான். இடுக்கியின் நுனி கண்ணாடிப் பலகையில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. இடது கையால் அழுத்திப் பார்த்தான். அதுவும் சேர்ந்து ஆடியது. இத்தனை வாரங்களில் அவன் ஒரு காயிலைக்கூடத் தன் கையால் கட்டவில்லை என்பது ஃபெம்மிக்கு அப்போதுதான் உறைத்தது. பிரம்பு எதற்கென்றும் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு அவள் வெளியேறியிருக்கலாம். "கை நடுங்குது இவனுக்கு," என்றாள் தெளிவாக. "ஒரு திருகுகூடத் திருக முடியாது. உங்களை வெச்சே வேலை வாங்கிக்கிட்டு வாத்தியார் வேஷம் போட்டிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. ரைன்ட் இடுக்கியை வைத்துவிட்டு, "அடுத்தது யாருப்பா?" என்று கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஃபெம்மி திரும்பி வந்தபோது சாயம் தடவியவளின் முடி ஆரஞ்சு நிறத்துக்குப் போயிருந்தது. அவளுக்குக் காசு வாங்காமல் அனுப்பினாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை பின்னறைக்கு யாரும் போகவில்லை. தம்மோவும் இன்னும் மூன்று பேரும் ஃபெம்மியின் கடைக்கு வந்து, தலைக்கு மேல் கவிழும் முடி உலர்த்திகளுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து கம்பி சுருட்டினார்கள். அவள் அவர்களையும் திட்டினாள். உறைபெட்டியில் பட்டாணிக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்ட தகர டப்பாவுக்குள் அவள் வாங்கிச் சேர்த்த நிகோட்டின் குப்பிகள் இருந்தன. அடுத்த சில வருடங்களுக்குக் கவலையில்லை. ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்குத் தூக்கம் நன்றாக வந்திருக்க வேண்டும், வரவில்லை.

புத்தாண்டோடு ரைன்ட் கடையை மூடினான். தனக்கென்று ஒதுக்கிய சரக்கையும் கடைசி நாளில் பேராசைப்பட்டு விற்றுவிட்டான் என்று தம்மோ சொன்னான். துறைமுக வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஃபெம்மி அவனைப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"உன்னோட இருந்ததைவிட நல்லா இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து இரண்டாக மடித்தது.

அவள் இருமல் அடங்கும்வரை நின்றாள். "திங்கக்கிழமை கடை லீவு. பின் கதவு திறந்திருக்கும்."

"பரிதாபமா? எனக்கு வேணாம்."

"பரிதாபமா? நீ இருமிச் செத்தேன்னா, ஊர் என்னைத்தான் சொல்லும். ஆம்பளை முடிவெட்டுக்கு என்ன கூலியோ அதையும் உன் அடாமைசரையும் கொண்டு வா."

திங்கட்கிழமை வந்தான். அவள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, வழக்கம்போல் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, அவனுடைய அடாமைசரைப் பிரித்துக் காயில் கட்டினாள்.

"கை நடுக்கத்துக்கு டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். இதால சாகமாட்டேன்னுட்டார். உனக்கு ஏமாற்றமா இருக்கும்."

"பழகிடுச்சு" என்றாள் ஃபெம்மி.

அன்றிலிருந்து ஒன்று விட்டு ஒரு திங்கட்கிழமை வருகிறான். வணக்கம் சொல்வதில்லை, காபி கேட்பதில்லை, கூலியைக் கண்ணாடி முன் வைத்துவிட்டுப் போகிறான். கேரவன் பேச்சு வராத நாளே கிடையாது. டிசம்பரில் சொன்னதற்காக அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி சேர்ந்துவிட்டீர்களா என்று போல்ஹாவ்ஸ் அம்மாள் கேட்டபோது ஃபெம்மி உலர்த்தியின் வேகத்தைக் கூட்டினாள்.

திரவத்தையும் அவளே கலந்து கொடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவனுடைய குப்பியில் நிகோட்டினைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துக்கொண்டே வருகிறாள். அவனிடம் சொல்லவில்லை. இப்போது முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. போன வாரம்கூட, "இந்தத் தடவை சரக்கு நல்லா ஏறுது" என்று நாக்கைச் சப்புக்கொட்டினான். முழுக்க இல்லாமல் போகிற நாளில், தம்மோவும் மற்ற ஆட்களும் கூடியிருக்கும்போது அவனிடம் அதைச் சொல்வதாக இருக்கிறாள். அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து, தனியாகக் கம்பி சுருட்டும்போது சிரித்துக்கொள்கிறாள்.