சமயப் பாடவேளையில் ஒரு பிள்ளை

வாரத்தில் மூன்று நாட்கள், இடைவேளைக்கு முந்திய பாடவேளையில் எங்கள் முதலாம் தரம் மூன்றாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு சிஸ்டர் வருவார். சைவப் பிள்ளைகள் நூலக அறைக்குப் போவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலையும் இஸ்லாம் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு, என்னிடம் வருவார்கள்.

கல்முனையில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் நான் இஸ்லாம் ஆசிரியை. மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். “சிஸ்டர்மார்ர ஸ்கூல்ல நீங்க என்னத்தப் படிச்சுக் குடுக்கிற?” என்று எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் இன்னும் கேட்பார்கள். அரசாங்கம் அச்சடித்து அனுப்பும் பாடத்திட்டத்தைத்தான் நானும் படிப்பிக்கிறேன், சிஸ்டரும் படிப்பிக்கிறார். ஆனால் அந்தப் பாடசாலைக்கு இன்னொரு பாடத்திட்டமும் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒக்டோபரில் செபமாலை, நவம்பரில் இறந்தவர்களுக்கான செபம், டிசம்பரில் பாலன் குடில் என்று வருடத்தோடு சேர்ந்து தானாக வந்துபோகும். எல்லாப் பிள்ளைகளும் அதற்கு நடுவேதான் வளர்ந்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருவார்கள். நோன்பு மாதத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளின் முன்னால் சாப்பிடாமல் முற்றத்து மரத்தின் மறுபக்கம் போய் இருந்து சாப்பிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த வருடம் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, மணி அடித்ததும் எந்தப் பக்கமும் போகாமல் இரண்டு அறைகளின் வாசல்களுக்கும் நடுவே விறாந்தையில் நின்றது. மெலிந்த பிள்ளை. பெரிய கண். தலைமுடியை இறுக்கி இரண்டாகப் பின்னி வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. இடாப்பில் சமயம் இஸ்லாம் என்றிருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வந்து கடைசி வாங்கில் இருந்தது. இரண்டு அறைகளையும் பிரிப்பது ஒரு பலகைத் தட்டிதான். சிஸ்டர் படிப்பிப்பது எங்களுக்கும் நான் படிப்பிப்பது அங்கேயும் கேட்கும். அந்தப் பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் உம்மா சொறிக்கல்முனைக்காரி. கத்தோலிக்கக் குடும்பம், வயல் வீடு. வாப்பா பாலமுனை, கடற்கரை ஆள். இருவரும் விரும்பி, பெண் இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். இவர்களுக்குப் போக ஒரு பெண்வீடு இல்லை. அதனால் கல்முனையில் சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். வாப்பா கட்டார் நாட்டுக்குச் சாரதி வேலைக்குப் போனார். பிள்ளை பாடசாலையில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் உம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து மௌத்தானார். ஜனாஸாவைப் பாலமுனைக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். சொறிக்கல்முனையிலிருந்து வந்தவர்கள் றோட்டோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

செய்தி கேட்டு வந்த வாப்பா மறுபடி கட்டாருக்குப் போகும்போது பிள்ளையை மனைவியின் அக்காவிடம் விட்டுப் போனார். அந்தப் பெரியம்மா கல்முனையில் இருந்தார். கணவர் மேசன். அவர்களுக்குப் பிள்ளையில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருவார். முதல் வாரமே என்னிடம் சொன்னார்: “டீச்சர், இவட வாப்பாட மார்க்கத்துலயே இவள் படிக்கட்டும். அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா வீட்டுல நாங்க செபம் சொல்லக்குள்ள இவளும் பக்கத்துல வந்து முழங்கால்ல நிக்கிறாள். எழும்பிப் போ எண்டு நான் எப்பிடிச் சொல்ற?”

பிள்ளையின் கையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு நாள் சுவர்க்கத்தைப் பற்றிப் பாடம். நல்ல பிள்ளைகளுக்கு இறைவன் தருவது, அங்கே ஆறுகள் ஓடும், நினைத்த பழம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கை உயர்த்தியது.

“டீச்சர், சுவர்க்கமும் மோட்சமும் ஒரே ஊரா?”

“ஏன் மகள் கேக்கிற?”

“பெரியம்மா சொல்றா, உம்மா மோட்சத்துல இருக்காவாம். வாப்பா போன்ல சொல்றார், சுவர்க்கத்துலயாம். நான் போனா எந்தப் பக்கம் போய்த் தேடுற?”

முன்வாங்கிலிருந்த ஒருவன் திரும்பி, “ரெண்டும் வேற. சிஸ்டர்மார் போற இடம் வேற” என்றான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் வழிகாட்டியில் அந்தப் பாடத்துக்குப் பாட்டு இருந்தது, படம் நிறந்தீட்டும் வேலை இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. “நாளைக்குச் சொல்றன் மகள்” என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் குரலும் நின்றுபோயிருந்தது.

இடைவேளையில் சிஸ்டரே என்னைத் தேடி வந்தார். மன்னார்ப் பக்கத்தவர்; வயதானவர்; அதிகம் கதைக்க மாட்டார். என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“என்ன சொல்லப் போறீங்க டீச்சர்?”

“தெரியல்ல சிஸ்டர். ஒண்டு எண்டு சொன்னா எங்கட ஆக்கள் கேப்பாங்க. வேற எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.”

“எனக்கும் அப்பிடித்தான்” என்றார். தேநீரைக் கலக்கியபடி சொன்னார்: “நீங்க ஒண்டு சொல்லி, நான் ஒண்டு சொன்னா, அந்தப் பிள்ளை தாயைத் தேடிக்கொண்டே நிக்கும். இடத்தைச் சொல்ல வேண்டாம். ஆளைச் சொல்லுவம். உங்கட புத்தகத்தில இறைவன் எண்டு ஒரு சொல்லு இருக்குத்தானே? எங்கட புத்தகத்திலயும் இருக்கு.”

மறுநாள் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொன்னேன். “உம்மா இறைவனிட்ட இருக்கிறா மகள். நீங்க தேடத் தேவையில்ல. இறைவனுக்குத் தெரியும், நீங்க அவட பிள்ளை எண்டு.”

யோசித்தது. “இறைவன் மீன் முள்ளு எடுத்துக் குடுப்பாரா? உம்மாக்கு எடுக்கத் தெரியா. வாப்பாதான் எடுத்துக் குடுக்கிற.”

வயல் ஊரில் வளர்ந்த பெண்ணுக்குக் கடற்கரை மனிதர் முள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து சாப்பிட்டிருப்பார்கள் போல. “ஓம் மகள், குடுப்பார்” என்றேன். வேறென்ன சொல்வது? மேசையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு பிள்ளை விறாந்தையில் நிற்பதில்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக என்னிடம் ஓடி வரும். குர்ஆன் சூராக்களை மற்றப் பிள்ளைகளைவிடக் கெதியாகப் பாடமாக்கியது. சிஸ்டர் படிப்பித்த பாட்டுகளும் அதற்குப் பாடம். சில நேரம் என் வகுப்பில் படம் கீறும்போது அவற்றை முணுமுணுக்கும். நான் தடுக்கவில்லை.

நவம்பர் வந்தது. இறந்தவர்களின் நினைவுநாளுக்குப் பெரியம்மா பிள்ளையைச் சொறிக்கல்முனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சேமக்காலை முழுக்க மெழுகுதிரி வெளிச்சம். அம்மப்பாவின் கல்லறையில் பிள்ளையும் ஒரு திரி ஏற்றியிருக்கிறது. அடுத்த நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து எனக்குக் காட்டியது.

“இது உம்மாக்கு. உம்மாட இடத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போறீங்களா டீச்சர்?”

“அது மையவாடி மகள். நம்மட ஊர்கள்ல பொம்புளைகள் அங்க போற வழக்கமில்ல.”

“நான் பொம்புள இல்லத்தானே. சின்னப் பிள்ளதானே.”

வாப்பா வந்ததும் கேட்கச் சொன்னேன். அவர் அந்த மாதக் கடைசியில் விடுமுறையில் வரவிருந்தார். பிள்ளை மெழுகுதிரியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டது.

அவர் வந்தார். பிள்ளை கேட்டது. மறுக்கவில்லை, மகளைத் தூக்கிக்கொண்டு பாலமுனை மையவாடிக்குப் போனார். கூடவே அவருடைய மூத்த சகோதரர்களான நானாமார் இருவரும் போயிருக்கிறார்கள். கபுறுக்கு முன்னால் அவர்கள் கையேந்தி துஆக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை மெழுகுதிரியைக் கபுறின் தலைமாட்டு மீசான் பலகைக்குப் பக்கத்தில் மணலில் நட்டது. நெருப்புப் பெட்டி இல்லை. பிறகு கண்ணை மூடி, முழங்காலில் நின்று, சிலுவை அடையாளம் போட்டது. பக்கத்தில் வேறு ஜனாஸா அடக்க வந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் பாடசாலைக்கு வந்தார். மையவாடியில் நடந்தது எங்கள் காதுக்கும் வந்திருந்ததால், கோபத்தோடு வருவார் என்று நினைத்திருந்தோம். அதிபரின் அறையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பெரியம்மாவும் வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“புள்ளைய பாலமுனைக்குக் கூட்டிட்டுப் போகப் போறன்” என்றார். “எங்கட ராத்தா, இவட மாமி, பாத்துக்குவா. அங்க ஸ்கூல் இரிக்கி.”

“தங்கச்சி வீட்ட விட்டுப் போகக்குள்ள நான் ஒரு சொல்லு சொல்லல்ல” என்றார் பெரியம்மா. “எங்கட அம்மா அழுதா. நான்தான் சமாதானம் சொன்ன. இவளையாவது எனக்கிட்ட விட்டுட்டுப் போங்க. நீங்க சொல்ற மாதிரியே வளக்கிறன். செபம் சொல்லக்குள்ள அவளைக் கூப்பிட மாட்டன். கதவச் சாத்திக்கிட்டு நாங்க சொல்றம்.”

அவர் என்னைப் பார்த்தார். “டீச்சர், நீங்க ஒரு முஸ்லிம். நீங்க செல்லுங்க.”

“இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்” என்றேன். “உம்மாவ இழந்த புள்ள. இப்பதான் சிரிக்குது. இப்ப பெரியம்மாவயும் பிரிச்சா தாங்காது.”

“எனக்கு விளங்காமலா?” என்றார் அவர். “அவ எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ. உம்மா வாப்பா, கோயில், ஊர், எல்லாம். அவட புள்ளய நான் அந்தப் பக்கமே திருப்பிக் குடுத்தா, அவ விட்டுட்டு வந்ததுக்கு என்ன அர்த்தம்? மஹ்ஷர்ல, இறைவன்ட தீர்ப்பு நாளுல, அவ என்னக் கேட்டா நான் என்ன செல்ற?”

அந்த அறையில் பிழையான ஆள் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய துக்கம். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடித்திருக்கலாம். அதிபர் விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். பெரியம்மா எழும்பி வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கடைசி நாளும் சமயப் பாடவேளை இருந்தது. பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து. வாப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். சந்தோசமாகத்தான் இருந்தது. பாலமுனையில் கடல் பக்கம், மாமி வீட்டில் ஆட்டுக்குட்டி இருக்கிறது என்றெல்லாம் சொன்னது. பிறகு கேட்டது:

“அந்த ஸ்கூல்ல சிஸ்டர் இருப்பாவா டீச்சர்?”

“இல்ல மகள். அங்க எல்லாரும் ஒரே வகுப்புத்தான். பிரியத் தேவையில்ல.”

“பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போவாவா?”

“மாமி கூட்டிட்டுப் போவா.”

அப்போதுதான் அதற்கு விளங்கியது போலிருந்தது. முகம் மாறியது. அழவில்லை. புத்தகத்தைத் திறந்து, பாடத்தில் இல்லாத பக்கத்தை எடுத்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியது. மணி அடித்தும் நிறுத்தவில்லை. சிஸ்டர் தட்டியைச் சுற்றி வந்து, அதன் தலையில் கையை வைத்தார். சிலுவை போடவில்லை. கையை மட்டும் வைத்திருந்தார்.

அடுத்த வருடம் பாலமுனையில் ஒரு உறவுக் கல்யாணம். போயிருந்தேன். மாமியின் வீடு பக்கத்துத் தெருவில்தான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுசி. பிள்ளையைக் குறையில்லாமல் வைத்திருந்தார். பிள்ளை உயர்ந்து, கன்னம் கொஞ்சம் சதை வைத்து, வெள்ளைப் பர்தாவோடு மத்ரஸாவிலிருந்து வந்தது. எனக்கு ஸலாம் சொன்னது. அருகே வந்து நின்றது, மடியில் ஏறவில்லை.

“என்னத் தெரியுமா மகள்?”

“ஓம். இஸ்லாம் டீச்சர்.”

“சுகமா இருக்கீங்களா?”

“ஓம்.”

வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்ட பிள்ளை அன்று ஒன்றுமே கேட்கவில்லை. ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தேன். மாமி உள்ளே போய் பால் போடாத பிளேன்டி கொண்டுவந்தார். “உம்மா, நான் விளையாடப் போகட்டா?” என்று அது கேட்டது அவரிடம்தான். அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். “அவளாத்தான் கூப்பிடுறாள் டீச்சர். நான் செல்லிக் குடுக்கல்ல” என்றார். நான் தலையாட்டினேன். பிள்ளை ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டது.

திரும்பி வந்த வாரமே பெரியம்மா பாடசாலை வாசலில் நின்றார். நான் பாலமுனைக்குப் போனது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் குடையில்லாமல் நின்றார்.

“கண்டீங்களா டீச்சர்?”

“கண்டன். நல்லா இருக்கிறாள். வளந்திட்டாள். நல்லாப் பாக்கிறாங்க.”

“தலைமுடி வெட்டிட்டாங்களா?”

“இல்ல. நீளமா இருக்கு.”

“ராவையில இருமல் வரும் அவளுக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கணும். சொன்னீங்களா?”

“அடுத்த முறை சொல்றன்.”

அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் எங்களைத் தாண்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“என்னப் பத்திக் கேட்டாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது.

“இல்ல” என்றேன்.

“நல்லம் டீச்சர்” என்றார். “அப்ப ஏங்கல்ல.” சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை.