தலைமன்னார் வரைக்கும்

பதுளையில் எங்களுக்குத் துணிக்கடை இருந்தது. அந்த வருடம் குடும்பத்தோடு இந்தியா போவதென்று அப்பா முடிவு செய்தார். வேனில் கண்டி, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், அக்கரையில் ரயில் பிடித்து மதுரை, கடைசியில் திருச்சி. அம்மாவின் ஒரே தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அம்மா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் தோட்டத் தமிழர்கள் மனுப் போட்டுத்தான் பிரஜாவுரிமை பெற வேண்டும் என்று சட்டம்; அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது, அவளுடைய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பயணப் பத்திரம் கேட்கப் போன கந்தோரில் யாழ்ப்பாணத்து அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போகலாம். திரும்பி வர விடுவினமோ எண்டு சொல்லேலாது" என்றார்.

"நான் பொறந்த ஊருக்கு வர என்னைய யாருங்க விடணும்?" என்று அம்மா கத்தினாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா, "நீ இரு, நாங்க போயிட்டு வந்துர்றோம்" என்றார். அந்த வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

பேசிவைத்த வேனை அம்மா விடவில்லை. "தலைமன்னார் வரைக்கும் போக எவன்கிட்டயும் கேக்க வேணாம்ல?" என்று எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனாள். எங்களை ஏற்றாமலே கப்பல் புறப்பட்டபோது துறையில் நின்று, சுற்றியிருந்தவர்களைச் சட்டைசெய்யாமல், அந்த அதிகாரியையும் சட்டம் போட்டவர்களையும் வாய்விட்டுத் திட்டினாள். அப்பா வேனைவிட்டு இறங்கவே இல்லை. நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் சேர்த்துத் திட்டினேன்.