ஆலையோடு சேர்த்து விற்கப்பட்டவள்

இல்லை, கடல் பார்க்க அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்குப் பாசஞ்சர் ரயில் ஏறியது ஸ்டெல்லாவுக்காக. என் கல்லூரித் தோழி. சிங்கப்பூரில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஆலையில் பொறியாளர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தாள்.

எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் இறங்கி, அவளுடைய கடற்கரை ஊரான பொழியூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். அன்று மூன்று ரூபாய், முக்கால் மணி நேரம். கண்டக்டரிடம் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். மீதிச் சில்லறை எந்த மொழியிலும் வராது.

கடற்கரையில் அவளுடைய அப்பா சேவியர் வலை உதறிக்கொண்டிருந்தார். அங்கே வைத்துத்தான் சொன்னாள். கம்பெனி தன் ஆலைகளை விற்கிறது.

நான் நம்பவில்லை. சிப் கம்பெனி ஆலையை விற்றுவிட்டு எதைச் செய்யும்?

வடிவமைக்கும், என்றாள். ஆர்டர் பாதியாகக் குறைந்தாலும், சிப் செய்யும் தூசியில்லாத அறைகளை இரவும் பகலும் ஓட்டியாக வேண்டும். இயந்திரங்கள் சில வருடங்களில் பழசாகிவிடும். நஷ்டத்தில் இருக்கும் கம்பெனிக்குப் புதியது வாங்க யாரும் கடன் தரமாட்டார்கள். வாங்குகிறவர்கள் பல கம்பெனிகளுக்கும் சிப் செய்து கொடுப்பவர்கள். அவர்களிடம் ஆலை சும்மா கிடக்காது. இனி இவர்கள் வரைவார்கள், அவர்கள் செய்துகொடுப்பார்கள்.

புரிந்தது. அடுத்து சொன்னதுதான் புரியவில்லை. விற்பனையில் ஆட்களும் சேர்த்தி.

சேவியர் வலையைக் கீழே போட்டார். "வள்ளத்த வித்தா, அதில போறவனையும் சேத்தா விப்பாவ?"

"இது அப்பிடித்தான் ஆக்கும், அப்பா."

அவளுக்கு மட்டும் பழைய கம்பெனியிலேயே, வடிவமைப்புப் பிரிவில் இடம் உண்டு. அவள் ஷிப்டில் வேறு யாருக்கும் இல்லை. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆள் தெரியாதவனிடம் போகாதே, பெயருள்ள கம்பெனியை விடாதே என்று சேவியர் போன் பேசப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

டெலிபோன் பூத். கண்ணாடிக் கதவுக்குள் அவள் பேசியது கேட்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஆலையோட போறேன்னு சொல்லிட்டேன்."

"பின்ன, கம்பெனி பேரு?"

"அது அவங்களுக்கு இருக்கட்டு. எனக்கு சிப்பு செய்யத்தான் தெரியும்."

சேவியர் பூத்துக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார். "செரி மக்கா. அடுத்து ஒன்ன விக்கும்போ எங்கிட்டயும் ஒரு வாக்கு கேக்கச் சொல்லு."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. ஆலைதான் கம்பெனி என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆலை இல்லாமல் கம்பெனி இருக்கும். ஆட்கள் இல்லாமலும்.

பொழியூர் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் திரும்ப பஸ் குறைவு. சில்லறை கையில் இருக்கட்டும்.

நான் ஆறு மணி பஸ்ஸில் ஏறி பாறசாலை வந்து, நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.