பச்சைத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள்

பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷத்திலிருந்து வீட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கிறேன். கோமாளி மீன் குஞ்சு பொரித்தது இந்த வாரம்தான் முதல் முறை.

இன்று காலை கொசு ஒழிப்புக்கு வந்த பெண், கொல்லையில் நான் பாசி வளர்த்து வைத்திருந்த பச்சைத் தண்ணீர் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டார்.

"ஏம்மா, அது மீன்குஞ்சுக்குத் தீனிம்மா! கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுலதான் வளருது!"

"பூச்சி வளக்குறேன்னு நீங்களே சொல்றீங்களே தாத்தா. வூட்ல யாருக்காவது டெங்கு வந்தா?"

மருமகள் வேறு, "அப்பாடா, நாத்தம் போச்சு" என்கிறாள்.

கடுகை விடச் சிறிய குஞ்சு, வேறு எதையும் தின்னாது. இரவுக்குள் தீனி கிடைக்காவிட்டால் அத்தனையும் செத்துவிடும்.

இந்தப் பூச்சி வளர்த்த என் கூட்டாளிகளில் ஒருவன்தான் மிச்சம். உயிரோடுதான் இருக்கிறான், பூச்சியும் வைத்திருக்கிறான், போனைத்தான் எடுப்பதில்லை. அவனைப் பார்த்தவர்கள் போனை எடுக்கச் சொல்லுங்கள்: கீழப்பழுவூர் ராசேந்திரன்.