எட்டாம் நாள் பார்க்க வருகிறவன்

அந்தக் காலத்தில் நான் அம்மை குத்துகிறவன். நகரியிலிருந்து சைக்கிளில் போய், நெசவாளர் தெருக்களில் பெரியம்மை வராமலிருக்கக் குழந்தைகளின் கையில் அம்மைப்பால் வைத்துக் கீறுவது என் உத்தியோகம். என்னைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். சாமி குத்தம் என்று பயப்படுகிறார்கள், பட்டிக்காட்டு ஜனம் என்று மேலதிகாரியிடம் புலம்புவேன். ஒருவரிடமும் காரணம் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்த வயது.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்களில் பெரியம்மை வந்தது. எல்லைக் கிராமம் ஒன்றில் தறி நெய்கிற பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு வாசலை மறித்து நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஆத்தா கோச்சிக்குவாளா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“ஆத்தா ஒண்ணும் சொல்லல சார். பெரியவனுக்குக் குத்திட்டுப் போனீங்களே, திரும்பி வந்து பாத்தீங்களா? கை வீங்கி, காய்ச்சல்ல அழுதுகினே கெடந்தான். செத்துருவான்னு தறியில உக்காராம மடியிலயே வெச்சிகினு இருந்தேன். இப்டித்தான் ஆவும், பயப்படாதன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல.”

எட்டாம் நாள் போய், கொப்புளம் கட்டி மருந்து பலித்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. டீக்கடையில் உட்கார்ந்தே எல்லோருக்கும் ‘பலித்தது’ என்று எழுதுகிற ஆள் நான். வெட்கமாக இருந்தது. காய்ச்சல் வரும், கொப்புளம் கட்டும், பயப்படாதே, எட்டாம் நாள் நானே வருகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கையை நீட்டினாள்.

அந்த எட்டு நாளுக்குள் ஊர் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது; எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றது. “அதி மன ஊரு காதய்யா, அது நம்ம ஊர் இல்ல, இனி நமக்கென்ன?” என்று மேலதிகாரி அந்த ஊர் ரிஜிஸ்தரை வாங்கி வைத்துக்கொண்டார்.

போனேன். கொப்புளம் நன்றாகக் கட்டியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெண்டு நாளு காய்ச்சல் இருந்திச்சு. நீங்கதான் சொன்னீங்களேன்னு பயப்படல” என்றாள். பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஐந்தாறு பெண்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். என்னிடமோ மருந்தும் இல்லை, அதிகாரமும் இல்லை.

மெட்ராஸோடு சேர்ந்துவிட்ட பள்ளிப்பட்டுக்கு சைக்கிள் மிதித்து, அங்கே புதிதாக வந்திருந்த அம்மை குத்துகிறவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்தேன். “உங்க ஊரே இல்ல, உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?” என்று வழியெல்லாம் கேட்டார். குத்தி முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

“எட்டாம் நாளு யாரு வர்றது?”

புதியவர் என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வர்றோம்மா” என்றேன்.