உப்பளத்தில் 'மசமச' என்றால்

சித்தி என் மேசை விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மரக்காணத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வருகிறவர்களின் குறையைக் கேட்டு எழுதுவது, ஆஸ்பத்திரி எனக்குக் கொடுத்திருந்த வேலை. "கண்ணு எப்படி இருக்குது சித்தி?" என்றேன். "கொஞ்சம் மசமசன்னு இருக்குதும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். 'லேசான மங்கல்' என்று எழுதி, கண்ணாடி தரும் மேசைக்கு அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் அனுப்பவில்லை.

உப்பளத்தில் எல்லோரும் சொல்கிற சொல் அது. கோடையில் வெள்ளைப் பாத்தியை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்கும் கண் கூசும், நீர் வடியும், எதிரில் வருகிற ஆள் வெறும் நிழலாகத் தெரிவார். அதுதான் மசமச. முகம் கழுவினால் சரியாகிவிடும் என்கிற தைரியமும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'தெரியல' என்று மட்டும் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், வரப்பில் கால் பிசகி உப்புக் கூடையோடு விழுகிற ஆள் என்று மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார். அதனால் பாதிப் பார்வை போனவர்களும் மசமச என்றே சொல்லிக்கொண்டு உப்பு வாருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? அம்மா செத்த பிறகு அந்த உப்பை வாரித்தான் சித்தி என்னைப் படிக்க வைத்தாள். அன்றைக்கு வரிசையில் அவளுக்கு நேர் பின்னால் மேஸ்திரி நின்றதையும் பார்த்தேன். பார்த்தும் இந்தப் பாழாய்ப்போன புத்தி வேலை செய்யவில்லை. கூட்டம் சீக்கிரம் கலைந்தால் போதும் என்றிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, சித்தி வரப்பிலிருந்து விழுந்து கை ஒடிந்த பிறகுதான், நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் நீரழுத்தம், நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். "அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். உங்க ஊர்லயே முகாம் போட்டோமே, யாரும் பாக்கலயா?" என்று கேட்டார். சித்தி முந்திக்கொண்டாள். "இந்தப் பொண்ணு வா வான்னுதான் சார் கூப்ட்டுச்சு. நான்தான் அந்தப் பக்கமே போவல."

வாசலுக்கு வந்ததும் அழுதேன். எதற்குச் சித்தி அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத்தான் இனிமே வேலை இல்ல. உன்னுதும் போயிட்டா?"